வாழ்வும் தொழிலும்: தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை செவன் கிங்ஸிலிருந்து ஒரு தகப்பன் தொலைபேசி எடுத்தார். குடும்பமாக இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஊரில் அவர் பாடசாலை ஆசிரியர். இங்கு இரவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர் என்பதால் சுற்றி வளைக்காமல் நேரே விடயத்துக்கு வந்தார்.

"அண்ணை, ஒரு புத்தி கேக்க வேணும். பெடியன் ஏ லெவல் முடிக்கப் போறான். யூனிவர்சிற்றிக்குப் போடா எண்டால், ரயில்வேயில சிக்னல் வேலை பழகப் போறன் எண்டு நிக்கிறான். பழகேக்கையே சம்பளமும் தருவினமாம். தாய் மூண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. ஊரில கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? பிள்ளையை லண்டனுக்குக் கூட்டி வந்து தண்டவாளத்தில விட்டிட்டன் எண்டோ?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. இதே கேள்வி ஒரு தடவை என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அன்று நான் சொன்ன பதில் பிழையான பதில்.

அன்று நான் சொன்னது

2011 ஆம் ஆண்டு என் அக்காவின் மகனுக்குப் பதினெட்டு வயது. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டி விடுகிற பிள்ளை. அந்த ஆண்டில்தான் இல்போர்ட்டுக்கும் மேனர் பார்க்குக்கும் இடையில், அல்டர்ஸ்புறூக் பக்கமாக, ரயில் பாதையை ஒட்டி ஒரு புதிய பயிற்சிக் கல்லூரி திறந்தார்கள். சுரங்கம் தோண்டவும் நிலத்தடியில் கட்டடம் கட்டவும் ஆட்களைப் பழக்கும் கல்லூரி அது. செவன் கிங்ஸில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் இல்போர்ட். அதைத் தாண்டியவுடன் அந்த இடம் வந்துவிடும். அவ்வளவு கிட்ட.

"மாமா, அங்க போய்ச் சேரட்டோ?" என்று அவன் கேட்டான்.

"கிடங்கு வெட்டவோடா உன்னைப் படிப்பிச்சது?" என்று கேட்டேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. விருப்பமில்லாத ஒரு பாடத்தில் பெயருக்கு ஒரு பட்டம் எடுத்தான். கடனும் எடுத்தான். பிறகு சில வருடம் களஞ்சியம், சில வருடம் தொலைபேசி நிலையம். இருபத்தேழு வயதில் தன் கைக்காசைக் கட்டி, மாலை வகுப்புக்குப் போய், மின்சார வேலை பழகினான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் ஒன்பது வருடம் போய்விட்டது. அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கல்லூரி ஏன் அங்கே வந்தது?

இதை அன்றே விசாரித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எனவே உங்களுக்காக இப்போது சொல்லுகிறேன்.

லண்டனைக் கிழக்கு மேற்காகக் குறுக்கறுக்கும் குறொஸ்ரெயில் பாதைக்கு 2008 இல் சட்டம் நிறைவேறி, 2009 இல் வேலை தொடங்கியது. நகரத்துக்கு அடியில் 42 கிலோமீற்றர் புதிய சுரங்கம் வேண்டும். எட்டு இராட்சத இயந்திரங்கள் தோண்ட வேண்டும். இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதை ஓட்டவும், தோண்டிய சுவருக்குக் கொங்கிறீற் பூசவும், நிலத்தடியில் ஆபத்தில்லாமல் வேலை செய்யவும் தெரிந்த ஆட்கள் நாட்டில் போதாது. வெளியிலிருந்து மட்டும் ஆள் பிடித்தால் வேலை முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அனுபவமும் அவர்களோடு போய்விடும்.

ஆகவே தோண்டத் தொடங்குமுன் பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். ஒப்பந்தம் எடுத்த கொம்பனிகள் பயிலுநர்களையும் உள்ளூர் ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்தத் திட்டம் முடிவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் தொழில் பயிலுநர்களாக வேலை பழகினார்கள். சுரங்கம் தோண்டுவது 2015 இல் முடிந்தது. நடுப்பகுதி 2022 மே 24 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 6 முதல் செவன் கிங்ஸில் ஏறுகிற நாங்கள் இறங்கி மாறாமல் பாடிங்ரன் வரை போகிறோம். எலிசபெத் லைன் என்று நாங்கள் இன்று சொல்லுவது இதைத்தான்.

வேலை அத்துடன் முடிந்ததா? இல்லை. தேம்ஸ் நதியை ஒட்டி 25 கிலோமீற்றர் கழிவுநீர்ச் சுரங்கம் ஒன்று தோண்டினார்கள். அது 2025 பெப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. ஒரு சுரங்கத்தில் பழகியவருக்கு அடுத்த சுரங்கம் காத்திருந்தது. நான் "கிடங்கு வெட்டுறது" என்று சொன்ன வேலை அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது மூன்று நூல்கள். ஒன்று, இந்தப் பகுதிக்கு எந்த வேலை வரப்போகிறது என்பது. இரண்டாவது, அதற்கு ஆட்களைப் பழக்கும் இடம். மூன்றாவது, பக்கத்தில் வாழும் குடும்பங்கள். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் சம்பளம் இந்தப் பகுதிக்கே வரும். சம்பளம் வந்தால் ஹை றோட்டில் உள்ள மரக்கறிக் கடைக்கும், புடவைக் கடைக்கும், வீட்டு வாடகைக்கும் அது போகும். கடை வளர்ந்தால் அங்கே இன்னும் இரண்டு பேருக்கு வேலை. ஒரு பிரதேசம் வளர்வது இப்படித்தான். முடிச்சு ஒன்று அவிழ்ந்தாலும் ரயில் ஓடும். ஆனால் அதில் நாங்கள் பயணிகள் மட்டும்தான். முதல் இரண்டு நூலையும் அரசாங்கமும் கொம்பனிகளும் கட்டின. என் வீட்டில் மூன்றாவது முடிச்சை அவிழ்த்தவன் நான்.

எங்கள் பாட்டன்மார் பார்த்தது

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. அரசாங்க உத்தியோகம், மேசை, கதிரை, மாதச் சம்பளம், பென்சன். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதன் பின் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்புப் பரவியது. மலாயாவில் 1885 இல் முதலாவது ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கியது. பாதை நீள நீள அங்கே ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர், நில அளவையாளர், ஸ்ரேசன் மாஸ்ரர் தேவைப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். அவர்கள் அனுப்பிய மணி ஓடரில் யாழ்ப்பாணத்தில் கல்வீடுகள் எழுந்தன. மலாயன் பென்சனியர் என்ற சொல்லே ஊரில் ஒரு மரியாதைப் பட்டமாக இருந்தது.

அதாவது, எங்கள் பாட்டன்மாரும் பார்த்தது தண்டவாளத்தைத்தான். எங்கே வேலை வளர்கிறது, அதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று பார்த்து, அதைப் படித்தார்கள். பிற்காலத்தில் நாங்கள் மேசையையும் கதிரையையும் பிடித்துக்கொண்டோம். பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம்.

அதற்கும் நியாயம் இருக்கிறது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து அரச உத்தியோகக் கதவு ஒடுங்கியது. 1970களில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவும் ஒடுங்கியது. உள்ளூரில் வேலை கொடுத்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், 1950 இல் உற்பத்தி தொடங்கி, 1990 இல் போரினால் நின்று போனது. வீட்டை எரிக்கலாம், காணியைப் பறிக்கலாம், படிப்பை மட்டும் பறிக்க முடியாது என்று கண்ணால் கண்டு வந்தவர்கள் நாங்கள். பட்டத்தை இறுக்கிப் பிடிப்பது வெறும் பெருமைக்காக அல்ல, பயத்தினாலும்தான். ஆனால் கையில் பழகிய தொழிலும் படிப்புத்தான். அதையும் எவராலும் பறிக்க முடியாது.

வேலை இடம் மாறும்

"இங்க என்ன வேலை இருக்கு, எல்லாம் சிற்றியிலதான்" என்று எம்மவர் பலர் சொல்லுவார்கள். இந்தப் பகுதியின் கதையைக் கேளுங்கள். படம் பிடிக்கும் பிலிமில் இல்போர்ட் என்ற பெயரைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கொம்பனி 1879 இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. 1976 இல் இங்கிருந்து போய்விட்டது. பிளெசி என்ற மின்சாதனக் கொம்பனியும் இல்போர்ட்டில் இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், அப்போது ரயில் ஓடத் தொடங்கியிராத சென்ற்றல் லைன் சுரங்கத்துக்குள், கான்ற்ஸ் ஹில் வரை, அவர்கள் தொழிற்சாலை நடத்தினார்கள். டகன்ஹாமில் போர்ட் கார்த் தொழிற்சாலை 1931 இல் தொடங்கியது. 1950களில் நாற்பதினாயிரம் பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். 2002 இல் அங்கே கார் செய்வது நின்றது. எஞ்சின் செய்யும் பகுதி மட்டும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டே, 2003 இல், போர்ட் காணிக்குப் பக்கத்தில் பொறியியல் பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். பழைய வேலை போகும்போது புதிய வேலைக்கு ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். எந்த வேலையும் சாசுவதம் அல்ல. கார்த் தொழிற்சாலையும் போகும், கணக்கெழுதும் வேலையையும் கம்பியூற்றர் எடுத்துக்கொள்ளும். ஆகவே "நல்ல வேலை எது?" என்று கேட்பதோடு நிற்காமல், "இப்போது இங்கே எது வளர்கிறது, அதற்குள் நுழையும் கதவு எங்கே, அந்த வேலை போனால் அடுத்த படி எது?" என்றும் கேட்க வேண்டும்.

இன்று எங்களைச் சுற்றி

செவன் கிங்ஸுக்கும் இல்போர்ட்டுக்கும் இடையில் ரயில் பெட்டிகள் வரிசையாக நிற்கும் பெரிய டெப்போவைத் தினமும் கடந்து போகிறோம். அந்த ரயில்களைப் பார்த்துத் திருத்துவதற்கு மின்சாரமும் இயந்திரமும் தெரிந்தவர்கள் வேண்டும்.

அடுத்த நிலையம் குட்மேஸ். அங்கே 1993 இல் திறந்த கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை இருக்கிறது. றொம்போர்டில் 2006 இல் திறந்த குயீன்ஸ் வைத்தியசாலை இருக்கிறது. வைத்தியசாலை என்றால் டொக்டர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊரில் தாதியாக இருந்த எத்தனையோ சகோதரிமார் இங்கு வீட்டோடு இருக்கிறார்கள். பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்து, அங்கிருந்து இரண்டு வருடப் பயிற்சியில் நேர்சிங் அசோசியேற் என்ற படிக்கு ஏறலாம். 2019 முதல் அது பதிவு செய்யப்பட்ட தொழில். அதற்கு மேல் முழுத் தாதியாகவும் படிக்கலாம். சம்பளத்தோடு ஏறக்கூடிய ஏணி இது.

கட்டடங்களும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. மின்சாரம், குழாய், காஸ் வேலைகளுக்குத் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் இங்கு தனியே தொழில் நடத்துவது கடினம். ஊரில் இருபது வருடம் வயரிங் செய்தவர் இங்கு வந்து பெற்றோல் நிலையத்தில் நிற்பது வேலை தெரியாததால் அல்ல, இந்த நாட்டுக் கடதாசி இல்லாததால். கடதாசியை எடுக்க வழி உண்டு.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

1. இங்கிலாந்துப் பாடசாலைகளில், 8 ஆம் ஆண்டிலிருந்து 13 ஆம் ஆண்டு வரை, தொழிற்கல்வி நிலையங்களும் தொழில் பயிலுநர் பயிற்சி கொடுப்போரும் பிள்ளைகளை ஆறு தடவையாவது சந்திக்க இடம் கொடுக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் சட்டம். தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும். பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது கணித மாஸ்ரரோடு மட்டும் கதைத்துவிட்டு வராமல், அவர் யார் என்று கேட்டு அவரோடும் கதையுங்கள்.

2. தொழில் பயிலுநர் என்றால் படிப்பு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பட்டம் வரை போகும் பயிற்சிகளும் 2015 முதல் இருக்கின்றன. பயிற்சிச் செலவைப் பயிலுநர் கட்டுவதில்லை. மூன்று மில்லியன் பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் கொம்பனிகள் இதற்கென 2017 முதல் ஒரு வரி கட்டுகின்றன. யூனிவர்சிற்றிக் கட்டணமோ 2012 இல் வருடம் 9,000 பவுண் வரை உயர்ந்தது; அதன் பின்னும் ஏறியது.

3. அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். முதல் வருடச் சம்பளம் குறைவாக இருக்கலாம். பிள்ளையின் பெயரில் குடும்பம் பெறும் உதவிப்பணம் நிற்கவும் கூடும். பயிற்சி முடிந்ததும் எந்தத் தகுதி கிடைக்கும், முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். மறுமொழி சொல்லத் தடுமாறும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

4. வளர்ந்தவர்களுக்கும் வயது பிந்தவில்லை. தொழில் பயிலுநருக்கு மேல் வயது எல்லை கிடையாது. கான்ற்ஸ் ஹில்லில் உள்ள றெட்பிறிட்ஜ் வளர்ந்தோர் கல்வி நிலையத்திலும், முன்னாள் றெட்பிறிட்ஜ் கொலிஜ் இணைந்துள்ள நியூ சிற்றி கொலிஜிலும் ஆங்கிலமும் தொழில் வகுப்புகளும் உண்டு. லண்டனில் வளர்ந்தோர் கல்விப் பணம் 2019 முதல் மேயரின் பொறுப்பில் இருக்கிறது. குறைந்த சம்பளக்காரருக்குப் பல வகுப்புகள் இலவசம். "நான் உழைக்கிறேன், எனக்கு இலவசம் கிடையாது" என்று நீங்களே முடிவு கட்டாமல் சம்பளத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

5. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் கவனம். ஆறு மாதம் கடந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்ற பழைய சலுகை 2002 ஜூலையில் எடுபட்டுவிட்டது. பழைய ஆட்களின் சொல்லைக் கேட்டு வேலைக்குப் போய் வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் உங்கள் சொலிசிற்றரைக் கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் ஆங்கிலம் படிப்பதற்கு உங்களுக்கு எந்த வகுப்புப் பொருந்தும் என்று கல்லூரியில் விசாரியுங்கள்.

யூனிவர்சிற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. விருப்பமும் திறமையும் உள்ள பிள்ளை டொக்டராகட்டும், கணக்காளராகட்டும். ஆனால் ஒரு தெருவில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலில் முண்டியடிப்பது அந்தத் தெருவுக்கும் நல்லதல்ல, பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. எங்கள் தாயகத்திலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். மொறட்டுவையில் 1959 இல் ஜேர்மன் உதவியோடு தொழிற்பயிற்சி நிலையம் வந்தது. போர் தின்ற கிளிநொச்சியில், அறிவியல் நகரில், அதே ஜேர்மன் உதவியோடு ஒரு நிலையம் 2016 இல் திறக்கப்பட்டது. வன்னிப் பிள்ளை அங்கே தொழில் படிக்கலாம் என்றால், செவன் கிங்ஸ் பிள்ளை இங்கே படிப்பதில் என்ன குறை?

அந்தத் தகப்பனுக்கு மறுநாள் தொலைபேசி எடுத்தேன். புத்தி சொல்லவில்லை. என் மருமகனின் கதையைச் சொன்னேன். பிறகு, "மாஸ்ரர், பெடியனோடை ஒருக்கா அந்த இடத்தைப் போய்ப் பாருங்கோ. பாத்துப் போட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பாக்காமல் சொல்லாதேங்கோ" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து அவரே எடுத்தார். இருவரும் போயிருக்கிறார்கள். அங்கே வேலை பழக்குபவர் ஒரு சிக்னல் பெட்டியைத் திறந்து காட்டினாராம். மகன் கேட்ட கேள்விகள் தனக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். "இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சனான் அண்ணை. ஒரு பிள்ளை விளங்கிப் படிக்குதோ இல்லையோ எண்டு முகத்தைப் பாத்தால் எனக்குத் தெரியும்" என்றார். கையெழுத்து வைத்து விட்டார்களாம்.

"அம்மா சாப்பிட்டாவோ?" என்று கேட்டேன்.

"சாப்பிடுறா. ஆனால் என்னோடை இன்னும் கதைக்கிறா இல்லை."

அதுவும் சரிவரும். முதற் சம்பளத்தில் பெடியன் தாய்க்கு ஒரு சேலை எடுக்கட்டும்.

அடுத்த இதழில்: ஊர்ச் சான்றிதழ்களை இந்த நாட்டில் மதிப்பிடுவிப்பது எப்படி?